மூடிக் கணக்கு

“தம்பி, உங்கண்ணன் மூஞ்சி மேல என்னமோ ஊருது. செத்த வந்து பாத்துட்டுப் போ.”

மதினி போனில் இப்படிச் சொன்னபோது அண்ணன் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் செத்த என்றால் கொஞ்ச நேரம் என்றுதான் அர்த்தம். ஆனாலும் அந்தச் சொல் அன்றைக்குக் காதில் வேறு மாதிரி விழுந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். “யாருக்கு என்னாச்சு?” என்று என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். யாருக்கு என்ன ஆனது என்று சொல்ல எனக்கே தெரியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் பூச்சி வளர்க்கிறவன். கேட்டால் சிரிப்பார்கள். ஊரே பூச்சியைக் கொல்லக் காசு செலவழிக்கிறது, இவன் அதற்குச் சோறு போட்டு வளர்க்கிறான் என்று டீக்கடையில் என்னைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. திண்டுக்கல்லை விட்டு வெளியே, லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் நாங்கள் நான்கு பேர் வேலை பார்க்கிறோம். தட்டுகளில் உடைத்த கம்பு தானியத்தைப் பரப்பி அதில் அரிசி அந்துப்பூச்சியை வளர்ப்போம். அந்துப்பூச்சியின் இறக்கையிலிருந்து உதிரும் பொடி மூக்கில் ஏறி, தும்மித் தும்மியே பாதி நாள் போய்விடும். அது இடுகிற முட்டை வறுக்காத ரவை மாதிரி இருக்கும். அந்த முட்டைக்குள் இன்னொரு பூச்சியை முட்டையிட விடுவதுதான் எங்கள் தொழில்.

அந்த இன்னொரு பூச்சி ஒரு குளவி. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், பேனாவால் வைத்த புள்ளி அளவுதான் இருக்கும். கொட்டாது, கடிக்காது. மற்ற பூச்சிகளின் முட்டையைத் தேடிப்போய் அதற்குள் தன் முட்டையை வைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். புழு பிறக்க வேண்டிய முட்டையிலிருந்து குளவி பிறந்து வரும். வெள்ளையாக இருக்கிற முட்டை நான்கைந்து நாளில் கறுத்துவிட்டால் உள்ளே ஆள் மாறியாயிற்று என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கறுப்பு முட்டைகளைக் கண்டால் தட்டை மூடிவைத்துவிடுவேன். ஒருவர் வீட்டுக்குள் சத்தமில்லாமல் இன்னொருவர் வந்து உட்கார்ந்துகொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முன்பு அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டி, செடியில் குத்திவைக்கக் கொடுத்தோம். அதை எறும்பு தின்றது, மழை அடித்துக்கொண்டு போனது, வெயிலில் வதங்கிப்போனது. இப்போது காகிதக் கூழும் மக்காச்சோள மாவும் சேர்த்து அழுத்திய ஒரு சின்ன உருண்டைக்குள் வைக்கிறோம். பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். சுற்றிலும் ஊசித் துளைகள். அதன் வழியாக எறும்பு உள்ளே போக முடியாது, குளவி வெளியே வர முடியும். எல்லாம் வெளியேறிய பிறகு உருண்டை மழையில் ஊறி மண்ணோடு மண்ணாகிவிடும். வயலில் ஒரு காலி டப்பாகூட மிஞ்சாது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்தது அந்த ஒன்றுதான்.

நோட்டீஸில் ‘மட்கும் உறை’ என்று அழகாகப் போட்டிருக்கிறோம். ஊரில் எல்லோரும் மாத்திரை என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். யாராவது ‘அந்தப் புது மருந்து’ என்று சொல்லிவிட்டால் மட்டும் எரிந்து விழுவேன். எங்கள் ஊரில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, புழுவுக்கு அடிப்பதும் மருந்து. எந்தப் புண்ணியவான் விஷத்துக்கு இந்தப் பெயரை வைத்தானோ, அவன் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்பேன்.

கேட்க எனக்கு யோக்கியதை இல்லைதான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் டவுனில் ஒரு மருந்துக்கடையில், பூச்சிமருந்து விற்கிற கடையில், கவுண்டரில் நின்றவன். இரண்டு வருஷமில்லை, மூன்று வருஷமில்லை, தலை நரைக்கிற வரைக்கும் நின்றேன்.

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் மில்லி கேட்க மாட்டார்கள். “எத்தன மூடி?” என்றுதான் கேட்பார்கள். பாட்டிலின் மூடிதான் அளவு. ஒரு டேங்க் தண்ணீருக்கு இத்தனை மூடி என்றால் முடிந்தது. ஒவ்வொரு கம்பெனி மூடியும் ஒவ்வொரு அளவு என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். நான் காதில் செருகியிருக்கும் கறுப்பு மார்க்கரை எடுத்துப் பாட்டிலின் நெற்றியில் ‘2 மூடி’, ‘3 மூடி’ என்று எழுதி நீட்டுவேன். லேபிளில் எறும்பு எழுத்தில் எத்தனையோ பாஷைகளில் எச்சரிக்கை இருக்கும். அதை யார் படித்தார்கள்? என் எழுத்தைத்தான் படித்தார்கள். நான் 3 போட்டால் தலை தட்டையாக இருக்கும், ‘மூ’வின் வால் கீழ்வரைக்கும் இறங்கும். அண்ணன் ஊரான அகரம் பக்கத்துத் தோட்டங்களில் வரப்பில் கிடக்கிற காலி பாட்டிலைப் பார்த்தே, “இது உன் கையெழுத்துல்ல?” என்று சொல்வார்கள். அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் அகரத்தில் கத்தரி போட்டிருந்தான். ஒரு ஆடி மாதம் கடைக்கு வந்தான். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. குருத்தெல்லாம் தலை தொங்கிவிட்டது, காய்க்குள் புழு இருக்கிறது என்றான். நான் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தேன். அதில் ஒன்று லேபிளில் சிவப்பு முக்கோணம் போட்டது. சிவப்பு என்றால் இருப்பதிலேயே கொடியது என்று கடையில் தூசு தட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். இரண்டையும் கலந்து அடித்தால் புழு இருந்த இடம் தெரியாது என்றேன். அப்படிக் கலக்கச் சொல்லி எந்த லேபிளிலும் இல்லை. கடைப் பழக்கம், சொன்னேன்.

“எத்தன மூடிலே?” என்றான்.

சிவப்பு முக்கோணப் பாட்டிலில் ‘3 மூடி’ என்று எழுதிக் கொடுத்தேன். அவன் போகாமல் நின்றான். வாசலில் சாக்குத் திரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“காத்து அடிக்குதே, இன்னைக்கு அடிக்கலாமா?”

அவனுக்குப் பின்னால் நிற்கிறவரிடம் சில்லறை வாங்கிக்கொண்டே நான் சொன்னேன்: “அட, அடிண்ணே. காத்து நிக்கிறதுக்குள்ள புழு காயத் தின்னு முடிச்சிரும்.” பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டுதான் போனான்.

அன்றைக்கு மத்தியானம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற அளவு நனைந்து, எதிர்காற்றில் அடித்த மருந்தை எல்லாம் தானே சுவாசித்து, கத்தரிச் செடிகளுக்கு நடுவில் விழுந்துகிடந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், “என்ன மருந்து? பாட்டில் இருக்கா?” என்று கேட்டார். பாட்டில் தேவைப்படவில்லை. இரண்டு பெயரையும் நான் ஒப்பித்தேன். மதினி பக்கத்தில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீதான் குடுத்தியா?”

“அன்னைக்கு நான் லீவு மதினி. கடையில வேற யாரோ குடுத்திருக்காக.”

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. உயிரோடு இருக்கும் வரைக்கும் அதை நினைத்து வெட்கப்படுவேன். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வரப்பெல்லாம் தேடினேன். ஒரு பாட்டில் மோட்டார் ரூம் பக்கம் கிடந்தது. நான் எழுதிய பாட்டில் மட்டும் கிடைக்கவில்லை. வாய்க்காலில் போயிருக்கும், ஆடு மேய்க்கிறவர்கள் எடுத்துப்போயிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் கடையை விட்டேன். அதற்குப் பிறகு அந்த வயலுக்குள் கால் வைத்ததில்லை. மதினியைப் பார்க்கப் போனால் வீட்டோடு திரும்பிவிடுவேன்.

கடையை விட்டால் போதுமா? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இருமல் டானிக் பாட்டிலைத் திறந்தால், “எத்தன மூடிலே?” என்று காதுக்குப் பக்கத்தில் கேட்கும். அண்ணன் குரல்தான், அதே கட்டைக் குரல். ஆவி, பேய் எதையும் நான் நம்புகிறவன் இல்லை. நம்பாதவனுக்கும் கேட்கும் என்பதுதான் கொடுமை. எனக்கு மூடியில் ஊற்ற வேண்டிய எதையும் இன்றைக்கும் என் மனைவிதான் ஊற்றித் தருகிறாள். எனக்குக் கை நடுக்கம் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மார்க்கர் பேனாவையும் தொடுவதில்லை. கொட்டகையில் பெட்டிகளின் மேல் தேதி எழுதுவதுகூட வேறு ஆள்தான்.

மதினிக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் போன பதினாறாம் நாளுக்கு மறுநாள் அவள் மருந்தடிக்கிற டேங்கைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கினாள். “இந்த மண்ணுல இனி ஒரு சொட்டு விழக்கூடாது” என்றாள். அதற்குப் பிறகு சோளம், எள், தட்டைப்பயறு என்று மானாவாரியாகவே போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருஷா வருஷம் வந்து, நிலத்தைக் குத்தகைக்குக் கேட்பார். அவர் வாரத்துக்கு ஒரு தடவை மருந்தடிக்கிற மனிதர். மதினி முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

இந்த வருஷம் அவளுக்கு முழங்கால் விட்டுப்போனது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. “ஒரு தடவ கத்தரி போட்டுப் பாக்குறேன் தம்பி. மருந்தில்லாம வந்துச்சுன்னா நானே பாத்துக்குவேன். வரலைன்னா குத்தகைக்கு விட்டுற வேண்டியதுதான். எம்புட்டு நாளைக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்க முடியும்?” என்றாள். குத்தகைக்கு விட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணன் விழுந்துகிடந்த இடத்தில் மறுபடி அதே நாற்றம் அடிக்கும். செடி முழங்கால் உயரம் வந்ததும் அங்கங்கே குருத்து தலை தொங்க ஆரம்பித்தது. மதினி போன் செய்தாள். “உன் மாத்திரையக் கொண்டா, பாப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பெட்டி நிறைய உருண்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டியை விட்டு இறங்கினேனே தவிர, உட்காரவில்லை.

“எத்தன வைக்கணும்? எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றாள்.

“எழுத எல்லாம் வேணாம் மதினி. பத்துத் தப்படிக்கு ஒண்ணு, செடி நிழல்ல. ரெண்டு நாள்ல பொரிஞ்சிரும், நாளைக்கே வச்சிருங்க.”

சொல்லிக்கொண்டே வண்டியை உதைத்தேன். அண்ணன் படம் இருக்கிற அந்த வீட்டில் நின்று பேச என்னால் முடிந்ததே இல்லை.

இதற்குப் பிறகு வந்ததுதான் புதன்கிழமை காலைப் போன்.

மதினி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. உள்ளே கையைக் காட்டினாள். நடுவீட்டில் ஜன்னல் கிடையாது. பகலிலும் இருட்டுதான். சுவரில் அண்ணனின் படம், அதற்குப் பிளாஸ்டிக் மாலை, மேலே இரவும் பகலும் எரிகிற ஒரு குண்டுமணி அளவு பல்பு. படத்துக்குக் கீழே பலகையில் நான் கொடுத்த பெட்டி திறந்து இருந்தது. பெட்டிக்குக் குங்குமம் வைத்திருந்தாள்.

படத்தின் கண்ணாடி மேல் கறுப்பாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. கிட்டே போனேன். அண்ணனின் கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் பொடிப்பொடியாக நகர்ந்தது. மீசை இருக்கிற இடத்தில் அடர்த்தியாக மொய்த்திருந்ததால் மீசையே அசைவது மாதிரி இருந்தது. பேசப் போகிறவன் உதடு அப்படித்தான் அசையும். “எத்தன மூடிலே?” என்று அந்த வாய் இப்போது மதினி முன்னாலேயே கேட்டுவிடும் என்று நான் மெய்யாகவே நினைத்தேன்.

நான் தினமும் கையில் அள்ளுகிற பூச்சிகள்தான் அவை. பொரிந்து வெளியே வந்தால் வெளிச்சத்தைத் தேடிப் போகும். இருட்டு வீட்டில் இருந்த ஒரே வெளிச்சம் அண்ணனின் தலைக்கு மேல் இருந்தது. இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த வழி கோபப்படுவது. “ரெண்டு நாள்ல பொரிஞ்சிரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மதினி!”

“ஒரே தடவதான் சொன்ன. அதுவும் வண்டியில ஏறிக்கிட்டே சொன்ன.” மதினி எதற்கும் அசர மாட்டாள். “திங்கக்கெழம அஷ்டமி, நேத்து நவமி. அஷ்டமி நவமியில வயல்ல புதுசா ஒண்ணு வைக்க முடியுமா? இன்னைக்கு தசமி, வைக்கலாம்னு இருந்தேன்.”

“பூச்சிக்குக் காலண்டர் கிழிக்கத் தெரியுமா?”

“எனக்குத் தெரியும்ல? அப்புறம், உங்கண்ணன்ட்ட காட்டாம அந்த வயல்ல நான் எதையும் வைக்கிறதில்ல. வெதையானாலும் சரி, நாத்தானாலும் சரி. ரெண்டு நாள் அவுக முன்னாடி இருக்கட்டும்னு வச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “இதெல்லாம் செத்துப்போயிருமா?”

அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிதானம் வந்தது. பெட்டியைப் பார்த்தேன். பாதி உருண்டைகள்தான் பொரிந்திருந்தன, மீதி இன்னும் பொரியவில்லை. வெளியே வந்தவை இன்னும் ஓரிரண்டு நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் செடிக்குப் போய்விட்டால் போதும். ஆனால் கண்ணாடியிலிருந்து எப்படி எடுப்பது? தட்டினால் நசுங்கும், ஊதினால் வீடெல்லாம் சிதறும்.

“படத்தோட கொண்டுபோயிரலாம் மதினி” என்றேன்.

மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “வயலுக்கா? அவுகளயா?”

“அவுகளத்தான்.”

அவள் அலமாரியிலிருந்து அண்ணனின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து உதறி, இரண்டாக மடித்துக் கொடுத்தாள். பல்பை அணைத்து, படத்தின் மேல் வேட்டியைத் தொய்வாகப் போர்த்தினேன். ஆணியிலிருந்து மெதுவாக எடுத்தேன். படத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன மாடம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மாடத்தில் அந்தப் பாட்டில் இருந்தது.

தூசு படிந்திருந்தது. லேபிள் மங்கிப்போய், சிவப்பு முக்கோணம் வெளிறியிருந்தது. நெற்றியில் கறுப்பு மார்க்கர் மட்டும் நேற்று எழுதியது மாதிரி இருந்தது. தலை தட்டையான 3. வால் இறங்கிய மூ.

படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு ஓடவும் வழியில்லை, முகத்தை மூடவும் வழியில்லை. “மதினி, நான்...” என்றேன்.

“லீவுன்னு சொன்னியே” என்றாள் மதினி.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கலந்து அடிக்கச் சொன்னது நான், எழுதியது நான், ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்றெல்லாம் சொன்னேன். காற்றைப் பற்றி அண்ணன் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

“அவுகளத் தூக்கிக்கிட்டு வந்தப்பவே சட்டைப் பையில இருந்துச்சு” என்றாள். “உன் எழுத்து எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்.”

“ஏன் மதினி இத்தன வருஷமா கேக்கல?”

“கேட்டா அன்னைக்கோட நீ வராமப் போயிருவ. நீயும் வரலைன்னா இந்த வீட்டுக்கு வேற யாரு வருவா?” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீயாச் சொல்லுவ, நீயாச் சொல்லுவன்னு ஒவ்வொரு தீவாளிக்கும் பாப்பேன். நீ பலகாரத்த வாங்கிக்கிட்டு ஓடிருவ. எனக்கு அம்புட்டு ஆத்திரம் வரும். ஒரு தடவ உன் மேல அந்தப் பாட்டில எறிஞ்சிரலாம்னு கையில எடுத்துட்டேன்.”

எறிந்திருக்கலாம்.

எதையாவது சரி செய்ய வேண்டும் என்ற பதற்றத்தில், “எத்தன வைக்கணும்னு பெட்டி மேல எழுதித் தாரேன் மதினி, பேனா குடுங்க” என்றேன். ஏழு வருஷமாகத் தொடாத பேனாவை நானே கேட்டேன்.

“ஒண்ணும் எழுத வேணாம்” என்றாள் மதினி. “அன்னைக்கு எழுதிக் குடுத்துட்டு நீ கடையில நின்னுக்கிட்ட. அவுக மட்டும்தான் வயலுக்குப் போனாக. இன்னைக்கு நீயும் வா.”

பெட்டியை அவள் எடுத்துக்கொண்டாள். படத்தை நான் தூக்கிக்கொண்டேன். பாட்டிலை அவள் மாடத்தில் இருந்தபடியே விட்டுவிட்டாள். ஊர்க் கடைசியைத் தாண்டி வரப்பில் ஏறினோம். எதிரே வந்த ஒருவர், வேட்டி போர்த்திய படத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். என்ன விசேஷம் என்று கேட்டார். “தோட்டத்தப் பாக்கக் கூட்டிட்டுப் போறோம்” என்றாள் மதினி. வேட்டிக்குள் குளவிகள் நடமாடுவது எனக்குத் தெரியாது, தெரிய முடியாது. இருந்தும் விரல்களில் ஏதோ குறுகுறுத்தபடியே இருந்தது.

அந்த மாத்திரையெல்லாம் பலித்ததா என்று கேட்பவர்கள் இருப்பார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வாரா வாரம் நானே போய் உருண்டைகளை வைத்தேன். காயில் சொத்தை இல்லாமல் இல்லை. முதல் பறிப்பில் மதினி சொத்தைக்காயைத் தனியாகக் குவித்துக் காட்டி என்னைத் திட்டினாள். நல்ல காய் அதைவிட அதிகம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மறுபடி வந்தார். வாசலோடு அனுப்பிவிட்டாள். அந்த மண்ணில் இதுவரை ஒரு சொட்டு விழவில்லை. இது என் சாமர்த்தியம் என்று நான் நினைக்கவில்லை, அவளுடைய பிடிவாதம்.

ஆனால் அந்தப் புதன்கிழமை காலை இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வயலின் முனைக்கு வந்து நின்றோம். ஏழு வருஷத்துக்குப் பிறகு நான் அந்த மண்ணைப் பார்க்கிறேன். செடிகள் இடுப்புக்குக் கீழே பச்சென்று நின்றன. அங்கங்கே தலை தொங்கிய குருத்துகள் தெரிந்தன. எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. மதினியும் காட்டவில்லை. கிணற்றோரம் மூன்றாவது பாத்தி பக்கம் போனபோது அவள் நடை மட்டும் மெதுவானது. நானும் மெதுவாக நடந்தேன்.

அங்கே படத்தைச் செடிகளுக்கு நடுவில் மல்லாக்க வைத்தேன். வேட்டியின் நுனியைப் பிடித்துத் தூக்கப் போனேன். அதுவரை சும்மா இருந்த மேல்காற்று அப்போதுதான் கிளம்பியது. கத்தரி இலைகள் எல்லாம் ஒரே பக்கம் புரண்டு வெளுத்துக் காட்டின. வேட்டி என் கையில் படபடவென்று அடித்தது.

பின்னாலிருந்து கேட்டது.

“காத்து அடிக்குதே, இப்ப விடலாமா?”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் திரும்பத் தைரியம் வரவில்லை. திரும்பினேன். மதினிதான் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெள்ளந்தியாக என் பதிலுக்குக் காத்திருந்தாள். வயலில் நிற்கிற யாரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அண்ணன் கடையில் இதைக் கேட்டது அவளுக்குத் தெரியாது. நானும் அவனும் தவிர யாருக்கும் தெரியாது.

வேட்டியை மறுபடி அவன் முகத்தின் மேல் சரியாகப் போர்த்தினேன். நான்கு முனையிலும் மண்கட்டி எடுத்து வைத்தேன்.

“வேணாம் மதினி. காத்து நிக்கட்டும்.”

“எம்புட்டு நேரம் ஆகும்?”

“எம்புட்டு நேரம் ஆனாலும் சரி.”

மதினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். நான் படத்துக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன். மூன்று பேரும் காற்று நிற்கும் வரைக்கும் அங்கேயே இருந்தோம்.